உதிரிப் பழம் யார் கணக்கில்?

டீக்கடை வாணலியில் பஜ்ஜி மிதந்துகொண்டிருந்தது. அந்த எண்ணெயைக் காட்டி, கூட உட்கார்ந்திருந்த தம்பி கேட்டார்: "அண்ணே, இந்தப் பாமாயில் எல்லாம் பெரிய கம்பெனித் தோட்டத்துலேருந்துதானே வருது? அப்புறம், தோட்டத்தைச் சுத்தி இருக்கிற சின்ன விவசாயிக்கு ஆதரவு குடுக்கிறோம்னு எழுதுறாங்களே, அது என்ன ஆதரவு? நாத்து குடுக்கிறதா, கடன் குடுக்கிறதா?"

பெரிய தோட்டத்திலிருந்து மட்டும் வருவதில்லை. உலகத்திலேயே அதிகம் பாமாயில் எடுக்கும் இந்தோனேசியாவில், எண்ணெய்ப்பனை நிற்கிற நிலத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் சிறு விவசாயிகளுடையது. நம் ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்குகிற பாக்கெட்டிலும் ரெண்டு ஏக்கர், அஞ்சு ஏக்கர்க்காரர் வெட்டிய குலை கலந்துதான் இருக்கும். அவர்களுக்கு நாற்றும் கடனும் வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆதரவு என்பது பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. எடைச் சீட்டில் யார் பெயர் எழுதுகிறார்கள் என்பதில். அதற்குப் பப்புவா நியூகினி வரை போய்வர வேண்டும். இன்னொரு டீ சொல்லிக்கொள்ளலாம்.

முதலில் குலை. நெல்லை மூட்டை கட்டிப் போட்டு வைக்கலாம். கொப்பரையைக் காயவைத்து விலை ஏறட்டும் என்று பார்க்கலாம். எண்ணெய்ப்பனைக் குலைக்கு அந்தப் பொறுமை கிடையாது. வெட்டின நேரத்திலிருந்து பழத்துக்குள் இருக்கிற நொதி எண்ணெயை உடைக்க ஆரம்பித்துவிடும், அமிலம் ஏறும். பழம் அடிபட்டிருந்தால் இன்னும் வேகம். 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய் நீராவியில் வெந்துவிட்டால் நல்லது. 48 மணி நேரம் தாண்டினால் தரம் விழுந்துவிடும். அந்த ஆலையும் செக்கு மாதிரி ஊருக்கு ஒன்று வைக்கிற சமாசாரம் இல்லை. மணிக்கு 30 டன், 60 டன் அரைக்கிற எந்திரம். அதற்குத் தீனி போடச் சில ஆயிரம் ஹெக்டேர் மரம் வேண்டும். ஆகவே ஒரு வட்டாரத்துக்கு ஓர் ஆலைதான் இருக்கும். அதன் சொந்தக்காரர் பெரிய தோட்டக்காரர். சிறு விவசாயிக்கு வாங்க ஒருவர், எடைபோட ஒருவர், லாரி அனுப்ப ஒருவர். மூவரும் ஒரே ஆள்.

தம்பி கரும்பு போட்ட குடும்பம். "நம்ம சர்க்கரை ஆலை கதைதானே அண்ணே. வெட்டு உத்தரவுக்குக் காத்திருக்கணும், லாரிக்குக் காத்திருக்கணும், அப்புறம் பணத்துக்குக் காத்திருக்கணும்."

அதே கதைதான். ஆனால் கரும்பு கசந்துபோனால் கட்டையைப் பேர்த்துப்போட்டு வாழை வைக்கலாம். எண்ணெய்ப்பனை நட்டு மூன்றாம் வருஷம்தான் வெட்டுக்கு வரும். பிறகு 25 வருஷம் வரை நிற்கும். நட்டவர் தன் வயதில் பாதியை அந்த ஆலைக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

இப்போது நியூ பிரிட்டன் தீவு. பப்புவா நியூகினியில் எரிமலைச் சாம்பல் படிந்த மண், ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அந்தத் தீவின் மேற்குப் பகுதியில் கிம்பே என்ற ஊரை ஒட்டியது ஹோஸ்கின்ஸ் வட்டாரம். அந்த நாட்டை ஆஸ்திரேலியா ஆண்டுகொண்டிருந்தபோது, 1967ல், ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் கம்பெனியும் காலனி நிர்வாகமும் கூட்டுச் சேர்ந்து அங்கே எண்ணெய்ப்பனையைத் தொடங்கின. நடுவில் கம்பெனித் தோட்டமும் ஆலையும், சுற்றிலும் சிறு விவசாயிகள். தோட்டம் ஆலைக்கு அடிப்படைத் தீனி போடும். மிச்சத்தை விவசாயிகள் நிரப்புவார்கள். கம்பெனி பிறகு கைமாறி, 2015ல் மலேசியாவின் சைம் டார்பியிடம் போனது. அமைப்பு அப்படியேதான் இருக்கிறது.

சிறு விவசாயிகள் அங்கே இரண்டு வகை. அந்த நாட்டில் நிலத்தில் பெரும்பகுதி, 97 சதவீதம் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு, குலங்களுக்குச் சொந்தம், விற்க முடியாது. அப்படிப்பட்ட தங்கள் குல நிலத்தில் ரெண்டு ஹெக்டேர் அளவில் மரம் வைத்த உள்ளூர்க்காரர்கள் ஒரு வகை. வெளி மாகாணங்களிலிருந்து, சேப்பிக் ஆற்றோரம், மலைநாடு என்று நெருக்கடியான ஊர்களிலிருந்து அரசு கொண்டுவந்து குடியேற்றியவர்கள் இன்னொரு வகை. குடும்பத்துக்கு ஆறு, ஆறரை ஹெக்டேர், 99 வருஷக் குத்தகை. 'பிளாக்' என்றுதான் அதைச் சொல்வார்கள். அதில் கொஞ்சம் இடத்தில் சேம்பும் சர்க்கரைவள்ளியும் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டு, மிச்சத்தில் எண்ணெய்ப்பனை.

வேலை இப்படி நடக்கும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அறுவடை. உயரமான மரமென்றால் நீளக் கழியில் கட்டிய அரிவாளால் ஆண் குலையை அறுத்துத் தள்ளுவார். குலை பொத்தென்று விழும்போது பழுத்த பழங்கள் தெறித்து மரத்தடி முழுக்கச் சிதறும். சில பழங்கள் வெட்டுவதற்கு முன்பே தானாக உதிர்ந்து கிடக்கும். குலை பழுத்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். குலைகளைத் தள்ளுவண்டியில் ரோட்டோரம் கொண்டுபோய் வலையில் வைப்பார்கள். கம்பெனி லாரி வந்து, தன்மேல் இருக்கிற கிரேனால் வலையைத் தூக்கி, அங்கேயே எடைபோட்டு, சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும். மாதக் கடைசியில் பணம்.

உதிர்ந்த பழங்களை யார் பொறுக்குவது? பெண்கள். முள்ளும் சருகும் பூச்சியும் கிடக்கிற இடத்தில் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். சலிப்பான வேலை. ஆனால் எண்ணெய் அதில்தான் நிறைய: குலையில் எடைக்கு ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்றால், உதிரிப் பழத்தில் ஏறக்குறைய அதைப்போல ரெண்டு மடங்கு. ஹோஸ்கின்ஸில் இந்தப் பழத்தில் பெரும்பகுதி மரத்தடியிலேயே அழுகிப் போய்க்கொண்டிருந்தது. கம்பெனிக்கும் நஷ்டம், விவசாயிக்கும் நஷ்டம். விவசாய அதிகாரிகள் எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

"சோம்பேறித்தனம்னு சொல்லியிருப்பாங்களே?"

சொல்லாமல் இருப்பார்களா. ஆனால் அந்தப் பெண்கள் அதே வெயிலில் கீரையும் கிழங்கும் விளைவித்து, கிம்பே சந்தையில் நாள் முழுக்க உட்கார்ந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். சோம்பேறிகள் செய்கிற காரியமா அது? விஷயம் கணக்கு. சந்தையில் விற்ற காசு அவர்கள் முந்தானையில் இருக்கும். பழத்துக்கு வருகிற காசு பிளாக்குக்கு உரியவர் என்று பதிவான ஆணின் பெயரில் வரும். அவர் வீட்டுக்குக் கொடுத்தால் உண்டு. சாராயத்துக்கோ, சொந்தக்காரர் கல்யாணச் சீருக்கோ போனால் போனதுதான். பொறுக்கின பெண்ணின் கைக்கு எவ்வளவு வரும் என்பது அவர் மனசைப் பொறுத்தது. வீட்டுக்கு வீடு இதில் சண்டை. அடுத்த அறுவடையில் அந்தப் பெண் உதிரிப் பழத்தைத் தொடாமல் தோட்டத்துக்குப் போய்விடுவாள். அவள் அறியாமையால் செய்தது அல்ல இது, வேலைநிறுத்தம். அறிவிக்காத வேலைநிறுத்தம்.

1997ல் எண்ணெய்ப்பனை விரிவாக்க அமைப்பும் கம்பெனியும் சேர்ந்து ஒரு சின்ன மாற்றம் செய்தன. பெண்ணுக்குத் தனி அட்டை, தனி வலை. அவர் பொறுக்கின உதிரிப் பழம் அவருடைய வலையில், அவருடைய பெயரில் எடை, அவருடைய கையில் தனிப் பணம். 'மாமா லூஸ் ஃப்ரூட்' திட்டம் என்று அதற்குப் பெயர். அங்கே மாமா என்றால் அம்மா. புது விதை தரவில்லை, புது உரம் தரவில்லை, பயிற்சி முகாம் நடத்தி பேனர் கட்டவில்லை. சீட்டுப் புத்தகத்தில் ஒரு பெயர் கூடியது, அவ்வளவுதான். மரத்தடியில் கிடந்த பழம் ஆலைக்கு வந்துவிட்டது. சில வருஷத்திலேயே, 2000ஆம் ஆண்டு வாக்கில், ஹோஸ்கின்ஸ் சிறு விவசாயிகளின் எண்ணெய்ப்பனை வருமானத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு பெண்கள் கைக்கு வந்துகொண்டிருந்தது.

ஆண்கள் எதிர்க்கவில்லையா என்றால், பெரிதாக இல்லை. காரணத்தைக் கவனிக்க வேண்டும். அவர் அதுவரை பார்த்துக்கொண்டிருந்த பணத்தில் யாரும் கைவைக்கவில்லை. அழுகிக்கொண்டிருந்த பழம் காசானது. அந்தக் காசில் அரிசியும் பள்ளிக் கட்டணமும் போனதால் அவர் மேல் விழுந்த நச்சரிப்பும் குறைந்தது. திட்டம் போட்டவர்கள் ஆணின் பங்கில் பாதியை வெட்டிப் பெண்ணுக்குத் தருகிறோம் என்று ஆரம்பித்திருந்தால் முதல் மாதமே முடிந்திருக்கும். இதை நான் தந்திரம் என்று குறைத்துச் சொல்லவில்லை. நல்ல திட்டத்துக்கு இந்த அளவு தந்திரம் தேவை.

இந்த வட்டாரத்தைப் பல வருஷம் கூடவே இருந்து ஆராய்ந்தவர்கள் ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜீனா கோச்பெர்ஸ்கியும் ஜார்ஜ் கரியும். அவர்கள் கவனித்த ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். கொஞ்ச நாளில் பெண்களின் வலையில் முழுக் குலைகளும் விழ ஆரம்பித்தன. விதிப்படி அது தப்பு. அந்த வலை உதிரிப் பழத்துக்கு மட்டும். அதிகாரி பார்த்தால் திருட்டு என்பார். நடந்தது என்னவென்றால், கணவரே மனைவியின் உழைப்புக்குக் கூலியாக ரெண்டு குலையை அவர் வலையில் போட்டுக்கொண்டிருந்தார். ரொக்கமாகக் கொடுக்க அவருக்குக் கை வராது, கொடுத்தால் பேச்சு வரும். குலையாகக் கொடுத்தால் யாருக்கும் சங்கடமில்லை. மேலே இருந்து வந்த திட்டத்தைக் குடும்பங்கள் தங்கள் வசதிக்கு வளைத்துக்கொண்டன. வளைய விட்டதுதான் கெட்டிக்காரத்தனம்.

சரி, இதோடு எல்லாம் தீர்ந்துவிட்டதா? இல்லை. பிளாக்குகளில் கூட்டம் பெருகிவிட்டது. 1960களின் கடைசியில் ஒரு குடும்பம் வந்து இறங்கிய ஆறு ஹெக்டேரில் இன்று மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள். பிறந்த ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்றால் அங்கே அவர்களுக்கு நிலம் இல்லை. முன்பு எல்லோரும் சேர்ந்து வெட்டிச் சேர்ந்து பங்கிட்டார்கள். 'வோக் புங்' என்பார்கள். கூட்டம் பெருகியதும் சண்டை வந்தது. அப்புறம் முறை வைத்துக்கொண்டார்கள்: இந்த மாத அறுவடை அண்ணனுக்கு, அடுத்த மாதம் தம்பிக்கு. இதற்கு 'மாக்கிம் முன்' என்று பெயர். பார்த்தால் நியாயமான ஏற்பாடு.

ஆனால் மரத்தின் உடம்பு வேறு காலக்கணக்கில் ஓடுகிறது. இன்று போடுகிற நைட்ரஜன் உரத்தின் முழுப் பலன் குலையில் தெரிய ஏறக்குறைய ரெண்டு வருஷம் ஆகும். மட்டைக் கக்கத்தில் இருக்கிற பூ, ஆண் பூவா பெண் பூவா என்று முடிவாகி, காயாகிக் குலையாக அவ்வளவு காலம் எடுக்கும். அண்ணன் தன் மாதத்துப் பணத்தில் உரம் வாங்கிப் போட்டால் அந்தக் குலை யாருடைய மாதத்தில் பழுக்கும்? யாருக்குத் தெரியும். ஆகவே யாரும் போடுவதில்லை. களை எடுப்பதில்லை, மட்டை கழிப்பதில்லை. அதிகாரி வந்து பார்த்துவிட்டு, இவர்களுக்கு உரத்தின் அருமை தெரியவில்லை, ஒரு கூட்டம் போட்டு விளக்க வேண்டும் என்று குறிப்பெழுதிக்கொண்டு போவார். அருமை நன்றாகத் தெரியும். செலவு தன்னுடையது, வரவு இன்னொருவருடையது என்பதும் தெரியும்.

உழைக்கிறவருக்கே வரவு போய்ச்சேர, இங்கேயும் அட்டையைத்தான் முயன்றார்கள். 2000களின் தொடக்கத்தில் 'மொபைல் கார்டு' என்று ஒன்றை ஹோஸ்கின்ஸில் சோதித்துப் பார்த்தார்கள். வயதாகித் தனியாக இருப்பவரின் பிளாக், ஆளில்லாமல் குலை வெட்டப்படாமல் கிடக்கிற பிளாக் இவற்றில் வேறு குடும்பத்துப் பையன் வந்து வேலை செய்தால், அறுவடையில் அவனுக்கு இவ்வளவு பங்கு என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது. பணம் வரும்போது அந்தப் பங்கு நேராக அவன் கணக்குக்குப் போய்விடும். பிளாக்காரர் தருவாரா மாட்டாரா என்ற பயம் இல்லை. கூலி வராது என்று தெரிந்தால் சொந்தத் தம்பிகூட அரிவாளைத் தூக்க மாட்டான். வரும் என்று தெரிந்தால் பக்கத்து ஊர்க்காரன்கூட வருவான். இதற்கு மானுடவியல் பட்டம் வேண்டாம்.

மறுநடவு இன்னொரு சிக்கல். மரம் இருபது வருஷம் தாண்டினால் கழி எட்டாத உயரம் போய்விடும், விளைச்சலும் குறையும். வெட்டிவிட்டு நட்டால் மூன்று வருஷம் வருமானம் இல்லை. ஹோஸ்கின்ஸில் பிளாக் முழுவதையும் ஒரே நேரத்தில் அழிப்பதில்லை. ரெண்டு ரெண்டு ஹெக்டேராகச் செய்கிறார்கள். ஒரு துண்டு காய்க்கிற வரை மற்றத் துண்டுகள் சோறு போடும். கன்றுக்கும் உரத்துக்கும் ஆன கடனை மாதா மாதம் பழப் பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். இந்தப் பிடித்தம் பணம் மொத்தத்தையும் விழுங்கிவிட்டால், மறைவாக அடுத்த வீட்டு வலையில் குலையைப் போட்டு அவர் பெயரில் எடைபோடத் தோன்றும். எந்த நாட்டிலும் தோன்றும்.

லாரியையும் சொல்ல வேண்டும். அந்த மழைக்கு ஒரு சின்னப் பாலம் அடித்துக்கொண்டு போனால் அந்தப் பக்கத்து பிளாக்குகளின் குலை முழுக்க ரோட்டோரம் அழுகும். விவசாயி செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடித்த பிறகு வரும் நஷ்டம் இது. ரோடு போடுவது அரசாங்கத்தின் வேலை, கம்பெனி கட்ட வேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொண்டு கம்பெனியே போடலாம் என்று அந்த நாட்டில் ஓர் ஏற்பாடும் உண்டு. சிறு விவசாயிக்குச் செய்கிற உதவிகளில் எதற்கு முதல் இடம் என்று என்னைக் கேட்டால், பாலத்துக்கும் ஜல்லிக்கும்தான் கொடுப்பேன்.

இந்தோனேசியாவில் வேறு மாதிரி போனது. அங்கே நடுத் தோட்டத்துக்கு 'இந்தி', சுற்றுத் தோட்டத்துக்கு 'பிளாஸ்மா' என்று பெயர். 2007ல் வந்த விதிப்படி, புதிதாகத் தோட்டம் போடும் கம்பெனி குறைந்தது 20 சதவீத அளவுக்குச் சுற்றுவட்டார மக்களுக்கும் தோட்டம் அமைத்துத் தர வேண்டும். காகிதத்தில் தாராளம். ஆனால் நிறைய இடங்களில் அந்தத் தோட்டத்தையும் கம்பெனியே பராமரித்து, கம்பெனியே வெட்டி, செலவும் கடனும் கழித்து மிச்சத்தை மக்களுக்குக் கொடுக்கிறது. தன் மரம் எது என்று அடையாளம் காட்ட முடியாத விவசாயிகள் உண்டு. கழிவு ஏன் இவ்வளவு என்று கேட்டால் பதில் வராது, அதனாலேயே சண்டைகள். ஹோஸ்கின்ஸில் எத்தனை குறை இருந்தாலும் அரிவாள் விவசாயி கையில், எடை அவர் கண் முன்னால்.

மலேசியாவில் 1956ல் தொடங்கிய ஃபெல்டா என்ற அரசு அமைப்பும் நிலமில்லாதவர்களுக்குக் குடும்பத்துக்குப் பத்து ஏக்கர் என்ற அளவில் தந்து குடியேற்றியது. குடியேறியவர்களில் ஆகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். ரப்பரை அழித்து எண்ணெய்ப்பனை வைத்த பெருந்தோட்டங்களில் குலை வெட்டிய நம் தமிழ் ஆட்களில் மிகப் பலர் கூலியாகவே இருந்துவிட்டார்கள். தோட்டம் வீட்டுமனையாக விற்கப்பட்டபோது குடியிருந்த லயமும் போனது. அவர்கள் கதைக்குத் தனியாக ஒரு டீ வேண்டும்.

"நம்ம நாட்டுலயும் இப்ப வைக்கச் சொல்றாங்களே அண்ணே?"

சொல்கிறார்கள். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு 11,040 கோடி ரூபாயில் பாமாயில் இயக்கம் ஒன்றை அறிவித்தது. ஆந்திராவில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது; தெலங்கானாவில் வேகமாகப் பரவுகிறது; தமிழ்நாட்டிலும் கொஞ்சம் உண்டு. இங்கே பெரும்பாலும் கம்பெனிக்குப் பெருந்தோட்டம் கிடையாது; ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வட்டாரம் ஒதுக்கிவிடுவதால் ஒரே ஆலை என்ற கட்டு அப்படியே இருக்கிறது. சந்தை விலை ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு ஈடுகட்டும் என்ற உறுதி இந்தத் திட்டத்தில் நல்ல அம்சம். தண்ணீரைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு: நியூ பிரிட்டனில் வானம் ஊற்றுவதை இங்கே ஆழ்குழாயும் சொட்டு நீரும் ஊற்ற வேண்டும். பட்டா இல்லாத குத்தகைக்காரர் 25 வருஷ மரம் வைக்க மாட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். தம்பி வைக்கப் போகிறார் என்றால், மானியம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், மே மாதத்தில் லாரி எத்தனை நாளுக்கு ஒரு முறை வரும், எடை எங்கே போடுவார்கள், டன்னுக்கு விலை எந்தக் கணக்கில் வருகிறது என்று கேட்கட்டும்.

சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. 2004ல் தொடங்கிய ஆர்எஸ்பிஓ போன்ற பாமாயில் சான்றிதழ் அமைப்புகளும், 2023ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த காடழிப்புச் சட்டமும், எண்ணெய் எந்த நிலத்திலிருந்து வந்தது என்று காட்டச் சொல்கின்றன. அந்தச் சட்டப்படி 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலமாக இருக்கக் கூடாது. நாலு ஹெக்டேருக்கு மேல் என்றால் எல்லையையே வரைபடமாகத் தர வேண்டும். நோக்கத்தில் குறையில்லை. ஆனால் கம்பெனிக்கு இது ஓர் அலுவலகத்தின் வேலை, ரெண்டு ஹெக்டேர்க்காரருக்கு இது எட்டாத காரியம். சுற்றியிருப்பவர்களையும் சேர்த்துக் கம்பெனியே அளந்து கொடுத்தால்தான் அவர் உள்ளே வர முடியும். கொடுக்காவிட்டால், சட்டம் காப்பாற்ற வந்த காட்டை ஒட்டியிருக்கிற ஏழையே முதலில் வெளியே நிற்பார்.

ஹோஸ்கின்ஸில் இப்போது உறுத்திக்கொண்டிருப்பதும் பெயர் விவகாரம்தான், இந்தத் தடவை எடைச் சீட்டில் அல்ல, பத்திரத்தில். பல பிளாக்குகளின் குத்தகை இறந்துபோன அப்பா பெயரிலேயே நிற்கிறது. நாலு மகன்களில் யார் பெயருக்கு மாற்றுவது என்று முடிவாகாமல், மறுநடவுக்கு யார் கையெழுத்துப் போடுவது என்பதும் தள்ளிப்போகிறது. முதலில் வந்தவர்களின் 99 வருஷக் குத்தகை 2060களின் பிற்பாதியில் முடியும். இன்று ஒரு மகன் கன்று நட்டால் அதன் ஆயுள் 2050 வாக்கில் தீரும். அதற்கடுத்த நடவு முழுசாகக் குத்தகைக்குள் அடங்காது.